ஐ சீ தீ

நான் வேலை செய்யும் அடுக்குமாடிக் கொண்டோமினியத்தின் பெயரில் ஓர் ஏரி இருக்கிறது. ஏரி எங்கே என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் தெப்ரா வட்டாரத்தில் பெரிய மழை பெய்தால் அது கீழ்த்தளக் கார் நிறுத்துமிடத்துக்குத் தானாக வந்துவிடும்.

அந்த ஏரிக்கு மேலே, வாசலில், பூம் கேட்டைத் தூக்கி இறக்கும் காவலர், எங்கள் ஊர் வழக்கில் ஜாகா, மைக்கல் அங்கிள். வீடு மாசாயில். பாசிர் கூடாங்கில் ஒரு பெயின்ட் தொழிற்சாலையில் பாதி ஆயுளைக் கழித்தவர். கம்பெனி வியட்நாமுக்குப் போனது, இவர் ஜாகா வேலைக்கு வந்தார். வரும்போது வலது முட்டியில் ஒரு வலியையும் கூட்டிவந்தார். மழை வருமா என்று மற்றவர்கள் போனைப் பார்ப்பார்கள், இவர் முட்டியைக் கேட்பார்.

நான் உள்ளே, மேனேஜ்மென்ட் ஆபீஸில் உட்கார்ந்திருப்பவள். பெயர் தேன்மொழி. ஆங்கில இலக்கியத்தில் பட்டம். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் என்பதால், என் பட்டமளிப்புப் படத்தைக் கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவருக்குக்கூட அப்பா காட்டியிருக்கிறார். அந்தப் பட்டத்தை வைத்து நான் ஆங்கிலத்தில் எழுதுவது இப்படித்தான்: 'லிஃப்டில் டுரியான் பழம் கொண்டுசெல்ல அனுமதியில்லை என்பதை இதன்வழி பணிவன்புடன் அறியத்தருகிறோம்.' இதில் பணிவு கிடையாது, அன்பும் கிடையாது. டுரியான் மட்டும் உண்மை.

போன வருடம் நான் எழுதிய அறிவிப்பு ஒன்றுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். காவலர்களில் ஒருவரைச் சூப்பர்வைசர் ஆக்கப்போகிறார்கள், 'ஆங்கிலத்தில் நல்ல ஆளுமை' வேண்டும் என்று குடியிருப்போர் கமிட்டி கேட்டிருந்தது. சம்பளம் கொஞ்சம்தான் கூடும். ஆனால் சூப்பர்வைசரின் இடம் கேமரா அறை. அங்கே ஏர்கோண்ட் குளிர் உண்டு. அதைவிட முக்கியமாக, சுழலும் நாற்காலி ஒன்று உண்டு.

வாசலில் நிற்கும் ஜாகா உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் கொண்டோவின் மதிப்பு குறையுமாம். அதனால் மைக்கல் அங்கிளுக்கு வேண்டியிருந்தது பதவியல்ல, அந்த நாற்காலி. ஒருநாள் சாவி வாங்கும் சாக்கில் கேமரா அறைக்குப் போய் அதில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். எழுந்து வந்ததும் என்னிடம் சொன்னார்: "முதுகுக்குக்கூட மெத்த வச்சிருக்கான் மா."

போட்டிக்கு இருந்தது இன்னொரு ஜாகா வேலு ஒருவர்தான். சிங்கப்பூர் கிடங்கில் வேலை பார்த்துவிட்டு வந்த இளைஞர். வேலுவின் ஆங்கிலம் மூன்று சொற்களால் ஆனது: கென், கெனாட், வெய்ட். இதை வைத்துக்கொண்டு கொரியாக்காரர், ஜப்பான்காரர், குழாய் உடைந்த சீனப் பாட்டி எல்லாரையும் சமாளித்துவிடுவார். யாருக்கும் புரியாமல் போனதில்லை. மைக்கல் அங்கிளுக்கு அது ஆங்கிலமே இல்லை. "சத்தம் மா அது. கோழிகூடத்தான் சத்தம் போடுது."

எனவே அவர் உண்மையான ஆங்கிலம் கற்கப் புறப்பட்டார். தேவாலயத்தில் பழைய பொருள் விற்ற நாளன்று, வெள்ளைக்காரன் காலத்துப் புத்தகம் ஒன்று அகப்பட்டது. அட்டை இல்லை. கணக்கெழுதும் கிராணிகள் துரையிடம் எப்படிப் பேசவேண்டும் என்பதற்காக எழுதியது போல இருந்தது. முதல் பாதி இலக்கணம், மறு பாதி உயர்ந்த சொற்கள். அங்கிள் அதற்குக் காலண்டர் தாளால் அட்டை போட்டு, மதிய உணவு டப்பாவோடு தினமும் கொண்டுவந்தார்.

முதல் பலி ஓர் உணவு விநியோகப் பையன். 'எங்கே போகிறாய்' என்பதற்கு அந்தப் புத்தகம் 'விதர்' என்றது. மோட்டார் சைக்கிளை மறித்து அங்கிள் கம்பீரமாக "விதர்?" என்று கேட்டார். அவன் ஹெல்மெட்டைத் தூக்கி வானத்தைப் பார்த்துவிட்டு, "நந்தி ஹுஜான், பாக்சிக்" என்றான். வெதர் எப்படி என்று கேட்பதாக நினைத்து, 'கொஞ்ச நேரத்தில் மழை வரும், அங்கிள்' என்று மலாயில் மரியாதையாகச் சொல்லியிருக்கிறான். அங்கிளின் முட்டியும் அதையே சொன்னதால் அவர் வாதாடவில்லை.

இலக்கணத்தையும் விட்டுவைக்கவில்லை. சொல்வகைகளை அவர் தன் வசதிக்குக் கொண்டோவுக்குள் குடியேற்றிவிட்டார். வீட்டு உரிமையாளர் பெயர்ச்சொல். வாடகைக்காரர் பிரதிப்பெயர்ச்சொல், உரிமையாளருக்குப் பதிலாக நிற்பார், ஆனால் கமிட்டியில் ஓட்டு கிடையாது. வீட்டை உடைத்துப் புதுப்பிக்கும் கண்டிராக்டர் வினைச்சொல். 'அலாஸ்' என்பதை மட்டும் விளக்க அவர் சிரமப்படவே இல்லை. மலாய்க்காரரின் அலமாக், நம் ஐயையோ, வெள்ளைக்காரனுக்கு அலாஸ், அவ்வளவுதான். அப்படியானால் ஜாகா எந்த வகை என்று கேட்டேன்.

"பிரிபொசிஷன் மா," என்றார். "இன், அவுட், அப், டவுன். நாள் முழுக்க வேற என்னா செய்றேன்?"

என் நான்கு வருடப் படிப்பில் எந்த விரிவுரையாளரும் இவ்வளவு நன்றாகச் சொன்னதில்லை. ஆனாலும் நான் சிரித்தேன். ஆபீஸில் இருப்பவர்கள் வாசலில் இருப்பவர்களைப் பார்த்துச் சிரிப்பது எப்படியோ வந்துவிடுகிறது.

வீட்டில் வேறு மாதிரி. மனைவி அமலோற்பவம் ஆன்ட்டி பள்ளிக் கேன்டீனில் சமைப்பவர், ஆங்கிலத்துக்கெல்லாம் மசிகிறவர் இல்லை. குழம்பில் உப்பு கூடிவிட்ட ஒருநாள் அங்கிள் "அலாஸ்" என்றிருக்கிறார். அந்த வார்த்தை இன்னொரு தடவை வந்தால் சோறு வராது என்று பதில் கிடைத்ததாம். இதை அவரே என்னிடம் சொன்னார், 'ஆங்கிலம் தெரியாதவளிடம் மாட்டிக்கொண்டேன்' என்ற தோரணையில்.

இந்தப் படிப்பின் உச்சியில்தான் 'தவ்' வந்தது.

'யூ' என்று இன்று எல்லாரையும் சொல்கிறோமே, அதற்குப் பழைய ஆங்கிலத்தில் இன்னொரு சொல் உண்டு. எழுவாயாக வந்தால் தவ், செயப்படுபொருளாக வந்தால் தீ. அங்கிளுக்கு இது புதிதில்லை. சிறுவயதிலிருந்து ஆங்கிலப் பூசையில் கேட்டதுதான். அதிலிருந்து அவர் ஒரு முடிவுக்கு வந்தார். கர்த்தரை யாரும் யூ என்பதில்லை, தவ் என்கிறார்கள். தமிழில் நீ, நீங்க என்று மரியாதை பிரிகிற மாதிரி, வெள்ளைக்காரனும் பிரித்து வைத்திருக்கிறான். யூ என்பது நீ. தவ் என்பது நீங்க, அதற்கும் ஒரு படி மேலே. இந்தக் காலத்துப் பிள்ளைகள் மரியாதை கெட்டுப்போய் எல்லாரையும் யூ என்கிறார்கள்.

கேட்க நியாயமாக இருந்தது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது, நான் வாங்கிய பட்டம் ஒன்றும் குறுக்கே வரவில்லை.

அன்றிலிருந்து வாசலில் மரியாதை தரம் பிரிக்கப்பட்டது. உணவு கொண்டுவரும் பையன்களுக்கும், துப்புரவு செய்யும் பெண்களுக்கும், வேலுவுக்கும் யூ. வீட்டு உரிமையாளர்களுக்கும், அரசப் பட்டம் வாங்கிய டத்தோக்களுக்கும் தவ். எனக்கு முதலில் யூ கிடைத்தது. ஆபீஸில் ஏர்கோண்ட் மாட்டியதும் தவ் ஆனது.

குடியிருப்பவர்களுக்கு இது பெரிய விளையாட்டாகிவிட்டது. கார்க் கண்ணாடியை இறக்கி, "அங்கிள், சே சம்திங்" என்பார்கள். "ஹவ் ஆர்ட் தவ், மேடம்?" என்று இவர் தலை குனிவார். பின்சீட்டுப் பிள்ளைகள் போனில் பிடிப்பார்கள். அப்படிப் பிடித்த படம் ஒன்று ஊர் முழுக்கச் சுற்றியது. அடியில் சிரித்துச் சிரித்து அழும் மஞ்சள் முகங்கள் வரிசையாக. அங்கிள் அதை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டார்.

அவரது சிறந்த தவ் கமிட்டித் தலைவர் மிஸ்டர் செல்வாவுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. சிங்கப்பூரில் கப்பல் கம்பெனியில் பெரிய வேலை. பிறந்தது வளர்ந்தது இங்கேயே, பத்து பாகாட் என்ற ஊரில். தமிழ் புரியும், பேச வராது என்பார். தமிழில் பேசும் ஜாகாவிடம்கூட ஆங்கிலத்தில்தான் பேசுவார், அதுவும் கண்ணாடியை இரண்டு விரல் அகலம் மட்டும் இறக்கி. மைக்கல் அங்கிளின் பெயர் அவருக்குத் தெரியாது. "கார்ட்" என்பார். இவர் பதிலுக்கு இடுப்பு வளைத்து "தவ்" என்பார். நாற்காலியைக் கொடுக்கும் கை செல்வாவின் கைதான் என்பது அங்கிளுக்குத் தெரியும்.

கடைசியில் தேர்வு நாள் வந்தது. ஒரு ஞாயிறு காலை, பாதுகாப்புக் கம்பெனியின் ஏரியா மேனேஜர் வந்தார். மைக்கல் அங்கிளைக் கேமரா அறையில் உட்காரவைத்து, வாக்கி டாக்கி கொடுத்து, எப்படிச் சமாளிக்கிறார் என்று பார்ப்பதாக ஏற்பாடு. வேலு பி பிளாக்கில் ரோந்து. மிஸ்டர் செல்வா தாமே ஒரு வாக்கி டாக்கியை எடுத்துக்கொண்டு, கேமராக்கள் எல்லாம் வேலை செய்கின்றனவா என்று மாடி மாடியாகச் சோதிக்கப் புறப்பட்டார்.

ஏரியா மேனேஜரும் நானும் அங்கிளுக்குப் பின்னால் நின்றோம். அங்கிள் மீசைக்கு டை அடித்து, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முட்டியை நீட்டி வைத்திருந்த விதத்திலேயே பாதி சந்தோஷம் தெரிந்தது.

வாக்கி டாக்கி கரகரத்தது. செல்வாவின் குரல், ஆங்கிலத்தில்: கார்ட், பி பிளாக், இரண்டாம் மாடியில் இருக்கிறேன், என்னைப் பார்க்க முடிகிறதா?

திரையில் செல்வா தெளிவாகத் தெரிந்தார். அங்கிள் தொண்டையைச் செருமிக்கொண்டு, பொத்தானை அழுத்தி, தன் வாழ்நாளின் மிகத் திருத்தமான ஆங்கிலத்தைச் சொன்னார்.

"யெஸ் சார். ஐ சீ தீ. பிளாக் பி, லெவல் டூ. ஐ சீ தீ வெரி க்ளியர்லி."

இலக்கணப்படி குற்றமே இல்லை. செயப்படுபொருள், ஆகவே தீ. ஆனால் அதே அலைவரிசையில் வேலுவும் கேட்டுக்கொண்டிருந்தார். பாதி ஆங்கிலம், பாதி தமிழ், இடையில் மலாய் என்று நாள் முழுக்கப் பேசும் ஊர் இது. ஐ சீ தீ என்றால் இங்கே ஒரு தமிழனுக்கு ஒரே ஒரு பொருள்தான் உண்டு. அதுவும் பி பிளாக், இரண்டாம் மாடி, வெரி க்ளியர்லி.

வேலு ஓடிப்போய்க் கண்ணாடியை உடைத்து அபாய மணியை அழுத்தினார்.

அதன்பிறகு நாங்கள் திரைகளில் பார்த்ததை முழுதாகச் சொல்ல முடியாது. எல்லா மாடியிலும் கதவுகள் திறந்தன. ஒரு டத்தோ துண்டோடு வந்தார். ஒரு மேடம் சோற்றுப் பானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்கினார், மாமியாரை மறந்துவிட்டு. ஜப்பான்காரக் குடும்பம் மட்டும் வரிசையாக, ஈரத் துணியால் மூக்கை மூடிக்கொண்டு, பயிற்சியில் சொன்னபடியே வந்தது. மிஸ்டர் செல்வா படிகளில் தாவி இறங்கும்போது வாக்கி டாக்கியின் பொத்தானை அழுத்தியபடியே இருந்திருக்கிறார். பேச வராத தமிழ் முழுவதும் அதில் வந்தது.

"எவன்டா அமுக்குனது? டேய், எவன்டா அது?"

பொம்பாவின் தீயணைப்பு வண்டி வந்து, தீயைத் தேடி, கிடைக்காமல் திரும்பிப் போனது.

பிற்பகலில் ஆபீஸில் விசாரணை. செல்வா, ஏரியா மேனேஜர், மைக்கல் அங்கிள், வேலு. குறிப்பெடுக்க நான். செல்வாவின் தமிழ் மறுபடியும் பேச வராமல் போயிருந்தது.

வேலு பாவம், எல்லாரையும் விட நொந்துபோயிருந்தார். "அண்ணே, நீங்க தீன்னு சொன்னீங்க. நான் என்னா பண்றது? அகராதிய பாத்துட்டா ஓடுறது?"

அங்கிள் எழுந்து நின்றார். யாரும் உட்காரச் சொல்லவில்லை என்பதையும் சொல்லவேண்டும். தான் சொன்னது நெருப்பு அல்ல, தலைவருக்குத் தரவேண்டிய மரியாதை, கர்த்தருக்குச் சொல்கிற அதே சொல் என்று ஆங்கிலமும் தமிழும் கலந்து விளக்கினார். யூ என்று சொல்லியிருந்தால் ஒரு பிரச்சினையும் வந்திருக்காது, ஆனால் தலைவரைப் போய் யூ என்று எப்படிச் சொல்வது?

செல்வாவின் முகம் மாறுவதைப் பார்த்தேன். கர்த்தர் வரை போனது அவருக்குப் பிடித்திருந்தது. தனக்கும் அது தெரியும் என்பதுபோல் தலையாட்டினார். ஆனாலும் சந்தேகம். என் பக்கம் திரும்பி, நீதானே இங்கிலீஷ் கிராஜுவேட், இது சரிதானா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நான் அதற்குள் மேசைக்கடியில் போனில் தேடிவிட்டிருந்தேன். திரையில் வந்த பதிலை இரண்டு தடவை படித்தேன். எல்லாம் தலைகீழ். அந்தக் காலத்தில் மரியாதைச் சொல் யூதான். தவ் என்பது எஜமான் வேலைக்காரனையும், பெரியவர் சின்னப்பிள்ளையையும், எவனும் தன் நாயையும் அழைக்கிற சொல். நெருக்கத்தில் அப்பாவையும் கடவுளையும் நீ என்கிறோமே, அந்தக் கணக்கில்தான் அது ஜெபத்துக்குள் போயிருக்கிறது. இரண்டாம் ஆண்டுத் தேர்வில் இதைப் பற்றி ஒரு கேள்வியே வந்தது. பதில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். வாங்கியதோடு சரி.

ஆக, மாதக்கணக்கில் ஒரு ஜாகா வாசலில் நின்று, வளைந்து, வணங்கி, ஊரிலுள்ள டத்தோக்களையெல்லாம் நீ, வா, போ என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். கமிட்டித் தலைவரை இன்னும் கொஞ்சம் அழுத்தி.

அங்கிள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்வை என்னைத் தாண்டி, கண்ணாடிக்கு அப்பால் தெரிந்த கேமரா அறையின் நாற்காலிக்கும் போய் வந்தது. உண்மையைச் சொன்னால் நாற்காலி மட்டுமல்ல, வேலையும் போகும்.

"பழைய காலத்தில் ராஜாக்கள் பேசிய சொல், சார்," என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அது பொய்யில்லை. யாரைப் பார்த்துப் பேசினார்கள் என்று அவர் கேட்கவில்லை. ராஜா என்றதும் செல்வா நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

தீர்ப்பு அப்போதே வந்தது. தகவல் வந்ததும் தாமதிக்காமல் செயல்பட்டதற்காக வேலு சூப்பர்வைசர். மைக்கல் அங்கிள் வாக்கி டாக்கியில் இனி இந்தச் சொற்களைப் பேசக் கூடாது. வாசலில் மட்டும் தொடரலாம். இட் கிவ்ஸ் கிளாஸ் என்றார் செல்வா, குடியிருப்பவர்களுக்கும் பிடித்திருக்கிறதாம். பிறகு என்னிடம் கைகாட்டி அதையும் குறிப்பில் எழுதச் சொன்னார். எழுதினேன். பணிவன்புடன்.

அங்கிள் தொப்பியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். வலது காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்து.

மாலையில் வீட்டுக்குப் புறப்படும்போது தூறல் போட்டது. காவல் கூண்டின் ஓரத்தில் ஒதுங்கினேன். வேலு தன் புது அறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். அங்கிள் அதில் உட்காரவில்லை. சாப்பாட்டு டப்பாவை அதன்மேல் வைத்திருந்தார்.

சொல்லாமல் போகலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒருவரை நாலு பேர் பார்த்துச் சிரிக்கும்போது, எதற்குச் சிரிக்கிறார்கள் என்பதாவது அவருக்குத் தெரியவேண்டாமா? சிரித்தவர்களுக்கும் அது தெரியாது என்பதாவது? சொல்லிவிட்டேன். தவ் என்றால் நீங்க இல்லை. நீ.

அவர் நம்பவில்லை. போனைக் காட்டினேன். கண்ணாடி போட்டு, உதடு அசையப் படித்தார். வேலைக்காரன் என்ற இடத்தில் ஒருமுறை நின்றார், நாய் என்ற இடத்தில் இன்னொருமுறை.

"டத்தோ சம்சாரம், அந்த டத்தின் அம்மாவ?" என்றார்.

"நீன்னுதான் அங்கிள்."

"ஃபாதர் வந்தப்ப, கார்கிட்ட போயி…"

"அவரையும்தான்."

மீசை துடித்தது. பாவமன்னிப்புக்கு எத்தனை பேரிடம் போவது என்று கணக்குப் போடுகிறவர் போல முகம் இருண்டது. மெதுவாக ஸ்டூலிலிருந்து டப்பாவை எடுத்தார். ஜாகா உட்காரக் கூடாத வாசலில் உட்கார்ந்தார். முட்டியைத் தேய்த்துக்கொண்டார்.

"அப்ப யூதான் நீங்களா?"

"ஆமா அங்கிள்."

"சாப்பாடு கொண்டார பையனுங்க, கூட்டுற பொம்பளைங்க, வேலு… இவங்களயெல்லாம் நீங்கன்னு சொல்லியிருக்கேன்."

"ஆமா."

அவர் யோசித்தார். மழை வலுத்தது. கேட்டுக்குப் பக்கத்துச் சாக்கடையில் ஏரி மெல்ல வந்துகொண்டிருந்தது. அவர் முகத்தில் இருட்டு விலகி வேறு ஏதோ ஒன்று வந்தது. இந்த மனிதரிடம் இதுவரை நான் பார்க்காத ஒரு கெட்ட சந்தோஷம்.

"அப்ப ஒண்ணும் மாத்த வேணாம் லா," என்றார்.

எனக்குச் சுரீர் என்று ஒன்று உறைத்தது. ஆபீஸில் ஏர்கோண்ட் வந்ததிலிருந்து இவர் என்னைத் தவ் என்றுதானே சொல்லிக்கொண்டிருக்கிறார். "என்னை இனிமே என்னான்னு சொல்வீங்க அங்கிள்?" என்று கேட்டேன். விளையாட்டாகத்தான் கேட்டேன், குரல் அப்படி வரவில்லை.

"யோசிக்கிறேன் மா," என்றார்.

அதற்குள் ஒரு கார் ஹாரன் அடித்தது. மிஸ்டர் செல்வா. கண்ணாடி இரண்டு விரல் அகலம் இறங்கியது. உள்ளிருந்து ஏர்கோண்ட் காற்றோடு "கார்ட்" என்ற சொல் வந்தது.

அங்கிள் எழுந்தார். அவசரமே இல்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு, மழையில் இரண்டடி முன்னே போய், என்றைக்கும் இல்லாத அளவு இடுப்பை வளைத்தார்.

"வெல்கம் ஹோம், சார். ஹவ் ஆர்ட் தவ்?"

செல்வா சிரித்தார். ராஜாவின் சிரிப்பு. தாராளமாகத் தலையசைத்தார். பூம் கேட் உயர்ந்தது. கார் உள்ளே போனது.

அங்கிள் திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார்.

"எப்படிடா இருக்கேன்னு கேட்டேன்," என்றார். "நல்லாருக்கானாம்."